மீன்பிடி தடைக்காலத்துல ஒரு படக் கண்காட்சி வைக்கலாமே

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு இணைப்புல லண்டன் டேட் பிரிட்டன் கேலரியில நடந்த, டர்னர், கான்ஸ்டபிள்னு அந்தக் காலத்து இங்கிலாந்து ஓவியருங்க ரெண்டு பேரோட கண்காட்சி பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. அடுத்த வாரமே ஒரு வாசகர், இங்க கடலுக்குப் போனவன் கரைக்கு வருவானா ஜெயிலுக்குப் போவானான்னு தெரியாம கெடக்குறோம், இதுல வெள்ளைக்காரன் வரைஞ்சதுக்கு ஒரு பக்கம் தண்டமான்னு காட்டமா எழுதியிருந்தாரு. அவரும் எங்க பக்கத்து ஆளாத்தான் இருக்கணும், கோபம் நியாயமான கோபம்தான். ஆனா கட்டுரை எழுதினவரும் சரி இந்த வாசகரும் சரி முக்கியமான சங்கதிய விட்டுட்டாங்கன்னு எனக்குத் தோணுச்சு, அதான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், வெட்டித்தான் ஆகணும்னா கடைசிப் பாகத்தை மட்டும் வெட்டிராதீங்க.

கட்டுரையில, அவங்க கலையை மதிக்கிறாங்க நாம மதிக்கிறதில்லன்னு ஒரு புலம்பல் இருந்துச்சு. இந்தப் புலம்பல் எனக்கு ஆகவே ஆகாது. மதிக்கிறதும் மதிக்காததும் ரத்தத்துல வர்றதா என்ன? படம் கண்ணு முன்னாடி வந்தா மதிப்பாங்க, வரவே இல்லன்னா எதை மதிக்கிறது? அவங்க செஞ்சது ஒண்ணுதான், படத்தை ஜனங்க இருக்குற எடத்துக்குக் கொண்டு போனாங்க, முடிஞ்ச வரைக்கும் காசு வாங்கல, அப்புறம் பொறந்தநாளு, நூறாவது வருஷம், போட்டி, பரிசுன்னு ஏதாவது ஒரு சாக்கு வச்சு திரும்பத் திரும்பக் கூப்புட்டுக்கிட்டே இருந்தாங்க. இப்ப நடந்ததும் அந்த மாதிரி சாக்குதான். டர்னர் பொறந்தது 1775, கான்ஸ்டபிள் 1776, ரெண்டு பேருக்கும் 250 வருஷம்னு சேத்து வச்சு 2025 நவம்பர்ல ஆரம்பிச்சு 2026 ஏப்ரல் வரைக்கும் ஓட்டிட்டாங்க. உயிரோட இருக்கும்போது ரெண்டு பேரும் போட்டிக்காரங்க, அது வேற கதை.

இதுல டர்னர் ஒண்ணும் பெரிய வீட்டுப் புள்ள இல்லீங்க, சலூன் கடைக்காரர் மகன். அப்பா கடை ஜன்னல்லயே மகன் வரைஞ்சத மாட்டி வித்தாருன்னு சொல்லுவாங்க. 1851ல அவரு இறந்தப்ப, சொந்தக்காரங்க கோர்ட்டுக்குப் போயி இழுத்தடிச்சு ஒரு வழியா 1856ல தீர்ப்பாகி, அவரு கையில வச்சிருந்த எண்ணெய் வண்ணப் படம் சுமார் 300, பேப்பர்ல வரைஞ்சது 30,000க்கும் மேல, எல்லாம் நாட்டுக்கே வந்து சேந்துச்சு. அதுல பெரும்பகுதி இப்ப டேட் பிரிட்டன்லதான் இருக்கு. அங்க ஸ்பெஷல் கண்காட்சின்னா டிக்கெட் உண்டு, நல்ல விலைதான், ஆனா எப்பவும் மாட்டியிருக்குற படங்களைப் பாக்க ஒரு பைசா கெடையாது. அங்க உள்ள தேசிய மியூசியம் எல்லாத்துலயும் 2001 டிசம்பர்லருந்து இதான் வழக்கம்.

என் மக அந்த ஊர்ல நர்ஸா இருக்கா, அவகிட்ட போயிருந்தப்ப கூட்டிட்டுப் போயி காமிச்சா. எனக்கு படத்தைப் பத்தி பாடம் எடுக்குற அளவுக்கெல்லாம் தெரியாது, பெயிண்ட் தெரியும், தங்கச்சிமடத்துல பெயிண்ட் கடை வச்சிருக்கேன். டர்னரோட ஒரு படம், துறைமுக வாசல்ல பனிப்புயல்ல மாட்டிக்கிட்ட நீராவிக் கப்பல், 1842ல வரைஞ்சது, அது முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன். கப்பலே சரியா தெரியாது, வெள்ளையும் சாம்பலும் பழுப்புமா சுத்திச் சுத்தி இழுத்து வச்சிருக்காரு, நடுவுல ஒரு மஞ்ச வெளிச்சம், கருப்பா ஒரு புகை. அந்தக் காலத்துலயே இது என்ன சோப்பு நுரையும் சுண்ணாம்புமான்னு நக்கலடிச்சிருக்காங்க. பாய்மரத்துல தன்னைக் கட்டச் சொல்லி 4 மணி நேரம் புயலைப் பாத்துட்டு வந்துதான் வரைஞ்சேன்னு டர்னர் சொன்னதா ஒரு கதை ஓடுது, ஆராய்ச்சி பண்றவங்க அதை அவ்வளவா நம்பல, எனக்கும் நம்பிக்கை இல்ல, 67 வயசு ஆள எந்த மாலுமி கட்டுவான். ஆனா பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துன அன்னைக்கு வெளிய மாட்டுன எந்த விசைப்படகு டிரைவர்கிட்ட வேணும்னாலும் அந்தப் படத்தைக் காட்டுங்க, சோப்பு நுரைன்னு சொல்ல மாட்டான், காத்து எந்தப் பக்கத்துலருந்து அடிக்குதுன்னுதான் மொதல்ல பாப்பான். லண்டன்காரனுக்குப் புரியுறதுக்கு முன்னாடி எங்க ஆளுக்குப் புரிஞ்சிரும். அதனாலதான் இது வெள்ளைக்காரன் சமாச்சாரம் நமக்கெதுக்குன்னு அந்த வாசகர் சொன்னது எனக்கு ஒத்து வரல.

சரி இதெல்லாம் தலைநகரத்துச் சங்கதி. நான் சொல்ல வந்தது வேற ஊரு. கார்ன்வால்னு இங்கிலாந்தோட தென்மேற்கு மூலையில செயின்ட் ஐவ்ஸ்னு ஒரு மீன்பிடி ஊர் இருக்கு, மூணு பக்கம் கடல், மீன் கொறைஞ்சு போயி டூரிஸ்ட்ட நம்பிக்கிட்டிருக்குற ஊரு, கேட்டா எங்க ஊர் கதை மாதிரியே இருக்கும். அங்க கடற்கரைய ஒட்டி பழைய கேஸ் கம்பெனி இருந்த எடத்துல 1993ல டேட் ஒரு கேலரி தொறந்துச்சு. லண்டன் கேலரி ஏன் ஒரு மீன்பிடி ஊருக்கு வரணும்? அந்த ஊர்ல படம் வரைஞ்சவங்களை வச்சுத்தான். அதுல ஒருத்தரு ஆல்ஃபிரட் வாலிஸ்.

இந்த வாலிஸ் 1855ல பொறந்தவரு, சின்ன வயசுலயே கப்பலுக்குப் போனவரு, அப்புறம் செயின்ட் ஐவ்ஸ்ல பழைய கயிறு, பாய்த்துணி, இரும்பு வாங்கி விக்கிற கடை வச்சாரு. 1922ல சம்சாரம் தவறிப் போச்சு, தனியா கெடக்க முடியல, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாததுக்கு படம் வரையுறேன்னு 70 வயசுவாக்குல ஆரம்பிச்சிருக்காரு. யாருகிட்டயும் கத்துக்கல. கேன்வாஸ் கெடையாது, மளிகைக் கடையில தூக்கிப் போட்ட அட்டையக் கோணல்மாணலா கிழிச்சு, படகுக்கு அடிக்கிற பெயிண்ட்ட வச்சு வரைஞ்சாரு. நல்லா கவனிங்க, படகுக்கு அடிக்கிற பெயிண்ட். நான் கிட்டப் போயி பாத்தேன், அட்டையோட சொந்தக் கலரையே அங்கங்க அப்படியே விட்டு அதையே மணலாக்கி வச்சிருக்காரு, கடலுக்கு நீலமே அடிக்கல, ஈயச் சாம்பலும் அழுக்கு வெள்ளையும் ஒரு மாதிரி பச்சையும்தான், வாடைக்காலத்து கடல பாத்தவங்களுக்குத் தெரியும் கடல் என்னைக்கு நீலமா இருந்துச்சுன்னு. எது முக்கியமோ அதைப் பெருசா போடுவாரு, கப்பல் பெருசு, வீடு சின்னது, மீன் சில எடத்துல படகு அளவுக்கு இருக்கும், அளவு கணக்கெல்லாம் பாக்குறதே இல்ல.

1928ல பென் நிக்கல்சன், கிறிஸ்டோபர் வுட்னு ரெண்டு ஓவியருங்க அந்தத் தெரு வழியா போகும்போது தொறந்து கெடந்த கதவுக்குள்ள இவரு படங்களைப் பாத்துட்டு ஆடிப்போயிட்டாங்க. படிச்ச ஓவியன் எதைத் தேடி அலைஞ்சானோ அதை இந்தக் கெழவன் சும்மா போட்டுக்கிட்டு இருக்காரு. ஆனா அவருக்கு ஒண்ணும் பெருசா காசு வந்துரல, சில்லறைக்குத்தான் வித்தாரு, 1942ல ஏழைங்க விடுதியிலதான் செத்தாரு. இதையும் சேத்தே சொல்லணும், வெள்ளைக்காரன் உயிரோட இருக்குறவனைத் தூக்கி வச்சு ஆடினான்னு யாரும் நெனச்சிரக் கூடாது. இப்ப அவரு கல்லறை அந்த கேலரிக்குப் பக்கத்துல மேட்டுல இருக்கு, பெர்னார்ட் லீச்னு பேரு பெத்த மண்பாண்டக் கலைஞரு செஞ்ச ஓடு பதிச்சு, கலங்கரை விளக்கத்து அடியில ஒரு சின்ன மனுசன் நிக்கிற மாதிரி. படங்களோட பெரிய சேகரிப்பு கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டியோட கெட்டில்ஸ் யார்டுங்கிற எடத்துல இருக்கு. பழைய இரும்புக் கடைக்காரர் வரைஞ்ச படம் யுனிவர்சிட்டியில!

இதே மாதிரி மார்கேட்னு இன்னொரு கடலோர ஊரு, டூரிஸ்ட் வரத்து செத்துப்போயி பொழப்பு இல்லாம கெடந்துச்சு, டர்னர் தங்கியிருந்த லாட்ஜ் இருந்த எடத்துலயே 2011ல டர்னர் கன்டெம்ப்ரரின்னு ஒரு கேலரி கட்டுனாங்க. உள்ள போக இலவசம். டர்னர் பேர்ல ஒரு பரிசு இருக்குல்ல, 1984லருந்து குடுக்குறாங்க, அதோட கண்காட்சிய 2019ல அங்கதான் வச்சாங்க. 2025ல பிராட்ஃபோர்டுக்குப் போச்சு, அதுக்கு முன்னாடி ஹல், கோவென்ட்ரி, ஈஸ்ட்போர்ன்னு ஊர் ஊரா போயிருக்கு. லண்டன் நேஷனல் கேலரிக்கு 2024ல 200 வருஷம் ஆனப்ப எங்க எடத்துக்கு வந்து வாழ்த்துங்கன்னு கூப்புடல, 12 முக்கியமான படத்தை 12 ஊருக்கு அனுப்பி வச்சாங்க. டர்னரோட டெமரேர் கப்பல் படம் நியூகாசிலுக்குப் போச்சு, கான்ஸ்டபிளோட வைக்கோல் வண்டிப் படம் பிரிஸ்டலுக்குப் போச்சு. 2013ல இன்னொரு கூத்து, ஜனங்க ஓட்டுப் போட்டு தேர்ந்தெடுத்த பிரிட்டிஷ் படங்களை எடுத்து விளம்பர போர்டுலயும் பஸ் ஸ்டாப்புலயும் நாடு பூரா ஒட்டிவிட்டாங்க. நம்ம ஊர்ல காதணி விழாவுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கிறோம்ல, அந்த எடத்துல ஓவியம் இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது ஸ்டீவ் மெக்வீன் செஞ்சது. அவரு சினிமா டைரக்டரும்தான். லண்டன்ல மூணாம் வகுப்புல இருக்குற 7, 8 வயசுப் புள்ளைங்களை ஸ்கூல் ஸ்கூலா போயி, நாமல்லாம் எடுப்போம்ல, டீச்சரோட பெஞ்சு போட்டு வரிசையா ஒரு குரூப் போட்டோ, அதே மாதிரி எடுத்து, 76,000க்கும் மேல புள்ளைங்க, அத்தனையும் 2019ல டேட் பிரிட்டன் சுவர் பூரா மாட்டிட்டாரு. எந்தப் புள்ளயும் தன் மொகத்தத் தேடாம போயிருக்காது, அப்பன் ஆத்தா தேடாம போயிருக்க மாட்டாங்க. அந்த கேலரிக்கு அதுவரைக்கும் எட்டிப் பாக்காத எத்தனை குடும்பம் அந்தச் சாக்குல உள்ள போயிருக்கும்!

அவங்களை ஒரேயடியா தூக்கி வைக்கவும் நான் வரல. டேட் கேலரிய 1897ல தொறக்க காசு குடுத்த ஹென்றி டேட் சீனி வியாபாரி. அவரு அடிமை வச்சிருந்தவரு இல்ல, அவரு சீனி வியாபாரத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே அதை ஒழிச்சிட்டாங்க, ஆனா சீனித் தொழிலே அடிமைங்க முதுகுல எழும்புனதுதான்னு அந்த கேலரியே இப்ப எழுதி வச்சிருக்கு. அடிமை முறை போனதுக்கு அப்புறம் மொரீஷியசுக்கும் ஃபிஜிக்கும் கரும்பு வெட்ட யாரைக் கூட்டிட்டுப் போனாங்கன்னு நம்மளுக்குத் தெரியாததா. கேலரி நிக்கிற எடமும் பழைய மில்பேங்க் ஜெயில் இருந்த எடம், ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏத்துற கைதிங்களை அங்கதான் வச்சிருந்தாங்க. எங்க மண்டபம் கேம்ப்பும் அந்த மாதிரி எடம்தான், இலங்கைத் தோட்டத்துக்குப் போற தமிழாளுங்களை சோதனை பண்ணி அடைச்சு வச்சு அனுப்புன எடம், பின்னால இலங்கையிலருந்து அகதியா வந்த சனங்க இருக்குற எடமா ஆச்சு. ஜெயில் இருந்த எடத்துல அங்க கேலரி வந்துச்சு. இங்க ஸ்டேஷன் பேர்ல மட்டும் அந்த கேம்ப் ஒட்டிக்கிட்டு இருக்கு, அந்தக் கதையச் சொல்ற ஒரு படம் எங்க கரையில எங்கயும் மாட்டி நான் பாத்ததில்ல.

இனி எங்க ஊருக்கு வர்றேன். எங்களுக்குப் படமே கெடையாதுன்னு யாரும் சொல்ல வேணாம். ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனை சுவர்ல 1720 வாக்குல முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்துல வரைஞ்ச ஓவியம் இருக்கு, தஞ்சாவூர் மராட்டியப் படையோட நடந்த சண்டை, ராமாயணம், சேதுபதி வெள்ளைக்காரங்களைச் சந்திக்கிற காட்சி. தொப்பி போட்ட வெள்ளைக்காரனை நம்ம ஆளு வரைஞ்சு வச்சிருக்கான், டர்னர் பொறக்குறதுக்கு அம்பது வருஷம் முன்னாடியே. தொல்லியல் துறை பாதுகாக்குற எடம், யாரும் போயி பாக்கலாம். ஆனா பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ஏர்வாடி, மூக்கையூர்ப் புள்ளைங்கள்ல எத்தனை பேர் பாத்திருக்கும்? ராமநாதபுரத்துக்கு ஜவுளி எடுக்கப் போகுது, ஆஸ்பத்திரிக்குப் போகுது, அரண்மனைன்னு பஸ் ஸ்டாப் பேர் சொல்லி எறங்குது, உள்ள போறதில்ல. வான்னு கூப்புட ஒரு சாக்கு இல்ல.

இன்னொண்ணு எங்க படகு. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில. சம்மாட்டிங்க, அதான் படகு முதலாளிங்க, எஞ்சின் பிரிப்பாங்க, அடிப்பலகை மாத்துவாங்க, அடியில சிப்பி மாதிரி ஒட்டியிருக்குற கொட்டலசு சுரண்டுவாங்க, பட்டி பாத்து பிரைமர் அடிச்சு அப்புறம் பெயிண்ட். என் கடையில வருஷத்து வியாபாரமே அப்பதான். படகுக்கு இன்ன கலர்தான்னு அரசாங்கம் கலர் கோடு வச்சிருக்கு, அதனால உடம்பு பூரா இஷ்டத்துக்கு அடிக்க முடியாது, ஆனா பேரு எழுதுறதும் கேபின்ல படம் போடுறதும் நின்னுறல. வரையுற ஆளு வருவாரு, கொட்டாங்கச்சியில ரெண்டு கலர ஊத்தி டர்பென்டைன் விட்டு கொழைச்சுக்குவாரு, சாக்பீஸ்ல ஒரே ஒரு குறுக்குக்கோடு, வேற அளவு ஒண்ணும் எடுக்க மாட்டாரு, பலகை எந்தப் பக்கம் வளையுதோ அதுக்குத் தக்கன அந்தோணியார் கையில இருக்குற குழந்தை இயேசுவ கொஞ்சம் நீட்டிப் போடுவாரு, கீழ நின்னு பாத்தா சரியா இருக்கும், கிட்டப் போனாதான் தெரியும் இழுத்து வச்சிருக்காருன்னு. கழுகு, சுறா, குதிரை, மாதா, பள்ளிவாசல் மினாரா, எது கேட்டாலும் போடுவாரு. ஒரு ரெண்டு வருஷம் உப்புத்தண்ணி அடிச்சா படம் போயிரும், திரும்ப வரைவாரு. வாலிசு போட்ட அதே பெயிண்ட்டு, அதே கடல். இவங்க யாரும் ஓவியர்னு ஒரு லிஸ்ட்லயும் இல்ல, கூலி லிஸ்ட்லதான் இருக்காங்க. இப்ப ஸ்டிக்கர் வந்துருச்சு, அந்தக் கூலியும் கொறையுது.

அதனால நான் கேக்குறது இதுதான். தடைக்காலத்துல மீன் ஏலக்கூடம் காலியாத்தான் கெடக்கும். மண்டபத்துலயோ பாம்பன்லயோ ஒரு ஏலக்கூடத்த பத்து நாளைக்கு எடுத்து, நல்லா கழுவி, ஒரு படக் கண்காட்சி வைக்கணும். ஒரு பக்கம் எங்க படகு வரையுறவங்க படம், பலகையிலயே வரைஞ்சு மாட்டட்டும், அடியில பேரு எழுதட்டும். இன்னொரு பக்கம் பள்ளிக்கூடப் புள்ளைங்க, மண்டபம் கேம்ப் புள்ளைங்களையும் விட்டுராம. மூணாவது பக்கம் டர்னர், கான்ஸ்டபிள் படங்களோட பிரிண்ட். இதுக்கு லண்டன்ல போயி யாரையும் கெஞ்ச வேணாம், இவங்க செத்து நூறு நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, காப்புரிமை கெடையாது, அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டியோட பிரிட்டிஷ் ஓவிய மையம் தன்கிட்ட இருக்குற பழைய படங்களைப் பெரிய சைஸ்ல இலவசமாவே இறக்கிக்க விட்டிருக்கு. நம்ம பக்கம் வந்து சுத்துன தாமஸ் டேனியல், அவரு கூடப்பொறந்தவரோட மகன் வில்லியம் டேனியல், இந்த ரெண்டு பேரும் வரைஞ்சதும் இருக்கு, பாபநாசம் அருவி, மதுரை திருமலை நாயக்கர் மகால் எல்லாம் வரைஞ்சு 1795லருந்து 1808 வரைக்கும் 144 படமா அச்சுப் போட்டு வித்தவங்க. ராமநாதபுரத்துல இருக்குற ஏதாவது ஒரு ஃபிளெக்ஸ் கடையில குடுத்தா ஒரே நாள்ல அடிச்சுத் தருவாங்க, ஃபிளெக்ஸ் பளபளன்னு கண்ணக் கூசும், கொஞ்சம் கூடக் குடுத்து கேன்வாஸ் துணியில அடிச்சா நல்லது.

முடிஞ்சா பழைய பாம்பன் தூக்குப்பாலத்தையும் வரையச் சொல்லணும். 1914ல தொறந்தது, 2022 டிசம்பரோட அதுல ரயில் நின்னு போச்சு, 2025 ஏப்ரல்ல புதுப் பாலம் வந்துருச்சு. டிராஃபால்கர் சண்டையில நின்ன டெமரேர் கப்பல 1838ல ஒடைக்க இழுத்துட்டுப் போனப்ப டர்னர் அதை வரைஞ்சாரு, இப்ப அவங்க 20 பவுண்டு நோட்டுல அந்தக் கப்பல் இருக்கு. பாலத்த நாமளும் செல்போன்ல எடுத்துத் தள்ளிட்டோம், யாராவது ஒக்காந்து வரைஞ்சாங்களான்னு கேட்டா எனக்குத் தெரிஞ்சு இல்ல.

செலவுக்கு சம்மாட்டிங்க சங்கத்துலயும், சர்ச்சோட பங்குச் சபையிலயும், ஜமாத்துலயும் கேட்டா ஆளுக்குக் கொஞ்சம் போடுவாங்க, திருவிழாவுக்குப் போடுற எங்க ஆளுங்க இதுக்குப் போடாமலா இருப்பாங்க. ஏலக்கூடத்துக்கு அனுமதி வாங்கணும், அதுக்குத்தான் பேப்பர்ல வந்தா ஒரு பலம். அந்த வாசகரும் இதப் படிச்சா வரச் சொல்லுங்க, அவரு கோபத்தையும் ஒரு பலகையில எழுதி மாட்டலாம், அதுக்கும் எடம் இருக்கு. வரைய ஒப்புக்கிற எல்லாருக்கும் எனாமல் பெயிண்ட்டும் டர்பென்டைனும் என் கடைச் செலவு. பிரஷ் மட்டும் அவங்கவங்க கொண்டு வந்துரணும், நான் குடுத்த பிரஷ் ஒண்ணு கூட இதுவரைக்கும் கடைக்குத் திரும்பி வந்ததில்ல.

இப்படிக்கு,
தங்கச்சிமடத்துலருந்து ஒரு பெயிண்ட் கடைக்காரர்